தேர்வுப் பதற்றமும் கைபேசியும்: தொழுகையிலிருந்து தொடங்க நினைக்கும் மாணவர்களுக்கு

தேர்வு நெருங்கும் மாதங்களில், பள்ளிவாசல் வகுப்புகளுக்கு வரும் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: "நான் தொழத்தானே செய்கிறேன், அப்புறம் ஏன் இவ்வளவு பயமாக இருக்கிறது? எனக்கு ஈமான் (இறைநம்பிக்கை) குறைவா?"

இல்லை. முதலில் இந்தக் குற்ற உணர்வை இறக்கி வைத்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். சூனியக்காரர்கள் கயிறுகளையும் தடிகளையும் எறிந்தபோது மூஸா (அலை) தம் மனத்துக்குள் அச்சம் கொண்டார் என்று குர்ஆன் சொல்கிறது (20:67). அதற்காக அல்லாஹ் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "அஞ்சாதீர், நீர்தாம் மேலோங்குவீர்" என்று தைரியம் சொன்னான். மகனைப் பிரிந்த யஃகூப் (அலை) அழுது அழுது கண்கள் வெளுத்துப் போயின. "என் துக்கத்தையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிடுகிறேன்" என்றார் அவர் (12:86). நபிமார்களுக்கே பயமும் துக்கமும் வந்திருக்கின்றன. உயர்நிலை நான்கில் கணக்குத் தாளை நினைத்து நெஞ்சு படபடப்பது எப்படி ஈமான் குறையாகும்?

இந்தக் கட்டுரை புதிதாகத் தொடங்குபவர்களுக்கானது. விட்டு விட்டுத் தொழுபவர்கள், தொழுதும் மனம் ஒட்டாதவர்கள், கையில் எந்நேரமும் கைபேசி இருப்பதால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார முடியாதவர்கள், அவர்களுடைய பெற்றோர்கள் எல்லாருக்கும் பொருந்தும். நான் சொல்ல வருவது சின்ன விஷயம். நம் நாளை ஐந்து வேளையாகப் பிரித்து ஏற்கெனவே கையில் கொடுத்திருக்கிறார்கள். அந்த வேளைகளை ஒட்டிய சில நிமிடங்களிலிருந்து கைபேசியை விலக்கி, அங்கே சிறியதாக ஒன்றைச் செய்து, அதை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். "அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான அமல் (நற்செயல்), குறைவாக இருந்தாலும் நிலையாகச் செய்யப்படுவதே" என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் என்ற இரு ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளிலும் இருக்கிறது. ஆகவே கீழே உள்ள எல்லாவற்றையும் நாளையே தொடங்காதீர்கள். ஒரு படி பழகிய பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

முதல் படி: ஒரு வேளையைத் தேர்ந்தெடுங்கள்

ஐந்தும் கடமை, அதில் பேச்சில்லை. ஆனால் மனம் ஊன்றித் தொழப் பழக, முதலில் ஒரு வேளையில் கவனம் வையுங்கள். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே தொழுகை நேரங்கள் ஆண்டு முழுவதும் அரை மணி நேரம், மிஞ்சினால் இன்னும் சில நிமிடங்கள்தான் முன்பின் நகரும். சுப்ஹு ஐந்தரையை ஒட்டி, லுஹர் ஒரு மணியை ஒட்டி, மஃரிப் ஏழை ஒட்டி, இஷா எட்டேகாலை ஒட்டி. லண்டனில் படிக்கும் பிள்ளைக்குக் கோடையில் இஷா நள்ளிரவை நெருங்கும், குளிர்காலத்தில் மாலையிலேயே வந்துவிடும். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. ஒரு முறை அட்டவணை போட்டால் ஆண்டு முழுக்க நிற்கும். சரியான நேரத்துக்குச் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் வெளியிடும் அட்டவணையைப் பாருங்கள். அது ஷாஃபி என்ற சட்ட மரபின் முறைப்படி அமைந்தது. வீட்டில் ஹனஃபி முறை என்றால் அஸர் மட்டும் சற்றுப் பிந்தும்.

மஃரிபிலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. மூன்றே ரக்அத் (தொழுகைச் சுற்று). பெரும்பாலும் வீட்டில் இருக்கும் நேரம். பள்ளி, இணைப்பாட நடவடிக்கை, பேருந்து எல்லாம் முடிந்து, இரவுப் படிப்பு இன்னும் தொடங்காத இடைவெளி அது. துணைப்பாட வகுப்பு அந்த நேரத்தில் வந்தால் இஷாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கைபேசி. தொழுவதற்குப் பத்து நிமிடம் முன்பே அதை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிடுங்கள். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் தம்பியோடு பங்குபோடும் அறையில், கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே உள்ள இடத்தில்தான் முஸல்லா என்ற தொழுகை விரிப்பை விரிப்போம். மேசைமேல் கைபேசி மின்னேற்றத்தில் இருக்கும். ருகூவில் குனியும்போது ஓரக்கண்ணில் திரை ஒளிரும். வகுப்புக் குழுவில் யாரோ எதையோ அனுப்பியிருக்கிறார்கள். நெற்றியைத் தரையில் வைக்கும் ஸுஜூதுக்குப் போவதற்குள் மனம் அதைத் திறந்து படித்து, பதிலும் எழுதி முடித்திருக்கும். ஒலியை நிறுத்தினால் மட்டும் போதாது, அதிர்வும் மேசைப் பலகை வழியே கேட்கும். கைபேசி அந்த அறையை விட்டே போக வேண்டும். அடுப்படியில் சோற்றுப் பானைக்குப் பக்கத்திலோ, வாசலில் காலணி அலமாரியின் மேலோ கவிழ்த்து வையுங்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தவர்கள் அதற்கே தொழுகை வேறு மாதிரி ஆகிவிட்டது என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

இரண்டாம் படி: உளூவை அவசரப்படுத்தாதீர்கள்

உளூ என்பது தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவித் தூய்மை செய்வது. குழாயைச் சிறிதாகத் திறந்து, ஒவ்வோர் உறுப்பையும் கவனித்துக் கழுவுங்கள். முகத்தில் தண்ணீர் படும்போது முகத்தை மட்டும் நினையுங்கள், காலைக் கழுவும்போது காலை மட்டும். உடம்பு நிதானத்துக்கு வந்தால் மனமும் பின்னால் வரும். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது. அதற்கு மேல் ஆகிறதென்றால் பின்னால் வரும் வஸ்வாஸ் (ஓயாத சந்தேகம்) பற்றிய பகுதியைப் படியுங்கள்.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மாதவிடாய் நாள்களில் தொழுகை இல்லை, ஆனால் துஆவுக்கும் (பிரார்த்தனை) திக்ருக்கும் (இறைநினைவு) தடையில்லை. அந்த நாள்களில் பழக்கம் அறுந்துபோவதாகப் பலர் வருந்துகிறார்கள். அதே நேரத்தில், அதே இடத்தில், கைபேசி இல்லாமல் உட்கார்ந்து தஸ்பீஹும் துஆவும் செய்யுங்கள். பழக்கம் அறுபடாது.

மூன்றாம் படி: ஃபாத்திஹாவை ஏழு இடங்களில் நிறுத்தி ஓதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பதற்றத்தில் இருப்பவர் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஒரே மூச்சில் ஓதி முடித்துவிடுவார். சிறு வயதிலிருந்து ஓதி ஓதி நாக்குக்குப் பழகிவிட்டது. மனம் எங்கோ இருக்க, வாய் மட்டும் ஆமீனில் வந்து நிற்கும். நபிகள் நாயகம் (ஸல்) ஒவ்வோர் ஆயத்தாக (வசனமாக) நிறுத்தி நிறுத்தி ஓதுவார்கள் என்று உம்மு ஸலமா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். நாமும் அப்படியே செய்யலாம்.

ஏன் நிறுத்த வேண்டும் என்பதற்கு முஸ்லிமில் உள்ள ஒரு ஹதீஸ் குத்ஸி (அல்லாஹ்வின் கூற்றாக நபியவர்கள் எடுத்துச் சொன்னது) அழகான காரணம் தருகிறது. "தொழுகையை எனக்கும் என் அடியானுக்கும் இடையே இரண்டாகப் பங்கிட்டிருக்கிறேன்" என்கிறான் அல்லாஹ். அடியான் "அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்" என்றதும், "என் அடியான் என்னைப் புகழ்ந்தான்" என்கிறான். "அர்ரஹ்மானிர் ரஹீம்" என்றதும், "என் அடியான் என்னைத் துதித்தான்." "மாலிகி யவ்மித்தீன்" என்றதும், "என் அடியான் என்னைக் கண்ணியப்படுத்தினான்." "இய்யாக நஃபுது வ இய்யாக நஸ்தஈன்" என்றதும், "இது எனக்கும் என் அடியானுக்கும் இடையே உள்ளது. என் அடியான் கேட்டது அவனுக்கு உண்டு." கடைசியில் "இஹ்தினஸ் ஸிராத்தல் முஸ்தகீம்" என்று நேர்வழியைக் கேட்டு முடிக்கும்போது, "இது என் அடியானுக்குரியது. அவன் கேட்டது அவனுக்கு உண்டு."

அதாவது ஒவ்வோர் ஆயத்துக்கும் பதில் வருகிறது. பதில் வரும் இடத்தில் நாம் நிற்காமல் அடுத்த வரிக்கு ஓடிவிடுகிறோம்.

செய்முறை இப்படி. ஓர் ஆயத்தை ஓதுங்கள். முடிந்ததும் வாயை மூடி, மூக்கால் ஒரு மூச்சு உள்ளே இழுங்கள். அந்த நேரத்தில் அதற்குரிய பதிலை நினையுங்கள். அடுத்த ஆயத்தை அந்த மூச்சு வெளியேறும்போது நிதானமாக ஓதுங்கள். நீளமான ஏழாவது ஆயத்துக்கு மூச்சு போதாவிட்டால் இடையில் நிறுத்தலாம். மூச்சைச் சீராக இழுத்து மெதுவாக விடும்போது நெஞ்சுத் துடிப்பு தணிவதை நீங்களே உணர்வீர்கள். பதற்றத்தைக் குறைக்க மருத்துவர்களும் பள்ளி ஆலோசகர்களும் மூச்சை மெதுவாக வெளியே விடத்தான் சொல்லித் தருகிறார்கள். நிறுத்தி ஓதுவதில் அது தன்போக்கில் நடக்கிறது. ஆனால் நாம் ஓதுவது மூச்சுப் பயிற்சிக்காக அல்ல. கேட்பவன் ஒருவன் இருக்கிறான் என்பதற்காக ஓதுகிறோம்.

முதலில் ஒரு ரக்அத்தில் மட்டும் இப்படிச் செய்யுங்கள். மனம் நடுவே ஓடினால் எரிச்சல்பட வேண்டாம். எந்த ஆயத்தில் நினைவு வந்ததோ அங்கிருந்து தொடருங்கள். திரும்ப முதலிலிருந்து ஓதத் தேவையில்லை.

நான்காம் படி: ஸலாம் கொடுத்ததும் எழாதீர்கள்

ஸலாம் கொடுத்த மறுநொடி கால் தானாக அடுப்படிப் பக்கம், கைபேசி இருக்கும் இடத்துக்குப் போகப் பார்க்கும். உட்காருங்கள். ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்து லில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 33. நூறாவதாக "லா இலாஹ இல்லல்லாஹு வஹ்தஹு லா ஷரீக லஹ்..." என்று தொடங்கும் கலிமா. எண்ணுவதற்குச் செயலி வேண்டாம், விரல்கள் போதும். விரல் கணுக்களில் எண்ணும்போது கைக்கும் வேலை இருக்கிறது, கண் திரையைத் தேடாது.

அப்புறம் கையேந்துங்கள். கவலைக்கென்றே நபிகள் நாயகம் (ஸல்) அதிகமாக ஓதிவந்த துஆ ஒன்று உண்டு. அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அறிவிப்பது, புகாரியில் உள்ளது:

"அல்லாஹும்ம இன்னீ அஊது பிக்க மினல் ஹம்மி வல் ஹஸன், வல் அஜ்ஸி வல் கஸல், வல் புக்லி வல் ஜுப்ன், வ ளலஇத் தைனி வ கலபதிர் ரிஜால்."

கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கஞ்சத்தனம், கோழைத்தனம், கடன் சுமை, மனிதர்களின் அடக்குமுறை இவற்றிலிருந்தெல்லாம் பாதுகாப்புத் தேடுகிறோம். இதில் கவலையும் சோம்பலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். மாணவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். படிக்க வேண்டியது மலைபோல் தெரியும்போது பயம் வருகிறது, பயம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுக் குறுங்காணொளிகளைத் தள்ளிக்கொண்டே இருக்கிறோம். ஒரு மணி நேரம் போன பிறகு பயம் இரட்டிப்பாகிறது. அந்தச் சுழலை இந்தத் துஆ சரியாகப் பிடிக்கிறது. உச்சரிப்பை எழுத்தில் பார்த்துப் பழகுவதைவிட, மார்க்கம் கற்றுத் தரும் ஹஸ்ரத்திடமோ உஸ்தாதாவிடமோ ஒரு முறை ஓதிக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

பிறகு உங்கள் சொந்த வார்த்தையில் பேசுங்கள். இங்கே பல பிள்ளைகளுக்கு மனத்துக்குள் ஓடும் மொழி ஆங்கிலம். வீட்டில் அத்தா அம்மாவிடம் தமிழ், நண்பர்களிடம் ஆங்கிலம். எந்த மொழி உள்ளேயிருந்து வருகிறதோ அதில் கேளுங்கள். "நாளைக்கு வேதியியல் தேர்வு, மோல் கணக்கு எனக்குப் புரியவே இல்லை, உதவி செய்" என்று அவ்வளவு நேரடியாகக் கேட்கலாம். தொழுகைக்கு உள்ளே ஸுஜூதில் தாய்மொழியில் கேட்பது பற்றி மத்ஹபுகளில் (சட்ட மரபுகளில்) கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே ஸலாம் கொடுத்த பிறகு கேட்பது எல்லாருக்கும் பொருந்தும்.

ஐந்தாம் படி: இஷாவுக்குப் பிறகான இரவு

நபிகள் நாயகம் (ஸல்) இஷாவுக்கு முன் தூங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் வெறுத்தார்கள் என்று அபூபர்ஸா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. கல்விக்காக விழித்திருப்பது இதில் சேராது என்று அறிஞர்கள் விலக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் இஷாவுக்குப் பிறகு வீட்டுப்பாடம் செய்வதில் தவறில்லை. ஆனால் இன்றைக்கு "இஷாவுக்குப் பின் பேச்சு" என்பது படுக்கையில் படுத்தபடி நள்ளிரவு வரை நடக்கும் குழு அரட்டைதான். நம்மில் பலருடைய பதற்றம் அங்கேதான் ஊறுகிறது. யார் எத்தனை பயிற்சித் தாள் முடித்தார்கள் என்ற பேச்சு இரவு பதினொன்றரைக்குக் கண்ணில் பட்டால் எப்படித் தூக்கம் வரும்?

2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுவதும், இடைவேளை உட்பட, மாணவர்கள் கைபேசி பயன்படுத்தக் கூடாது என்று கல்வி அமைச்சு விதித்திருக்கிறது. பள்ளி தந்த கற்றல் சாதனங்களும் இரவு பத்தரைக்குத் தூங்கிவிடும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பத்தரையை நம் கைபேசிக்கும் எல்லையாக வைத்துக்கொள்வது எளிது. படிப்பு முடியவில்லை என்றால் தாளில் படியுங்கள்.

சுப்ஹுக்கு எழுப்பக் கைபேசி வேண்டுமே என்பதுதான் எல்லாரும் சொல்லும் காரணம். முஸ்தஃபா சென்டரில் போய்ச் சாதாரண மேசைக் கடிகாரம் ஒன்று, மணி அடிப்பதாகப் பார்த்து வாங்குங்கள். இதைவிடப் பயனுள்ள செலவு இந்த விஷயத்தில் இல்லை. அதை வாங்கிய நாளிலிருந்து கைபேசி அறைக்கு வெளியே தூங்கலாம்.

படுத்ததும் செய்ய வேண்டியவை எளியவை. இரு கைகளையும் சேர்த்துக் குல்ஹுவல்லாஹு அஹது, ஃபலக், நாஸ் மூன்றையும் ஓதி ஊதி, தலை முகம் தொடங்கி உடம்பில் எட்டும் இடமெல்லாம் தடவ வேண்டும். மூன்று முறை. நபியவர்கள் ஒவ்வோர் இரவும் செய்தது இது என்று ஆயிஷா (ரலி) சொல்கிறார்கள். ஆயத்துல் குர்ஸியும் ஓதலாம். பிறகு ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்து லில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34. இந்தத் தஸ்பீஹுக்கு ஒரு பின்னணி உண்டு. திருகை சுற்றிச் சுற்றிக் கை காய்த்துப்போன ஃபாத்திமா (ரலி) தம் தந்தையிடம் ஒரு பணியாள் கேட்டு வந்தார்கள். இரவில் அவர்கள் படுத்த பிறகு நபியவர்கள் வீட்டுக்கே வந்து, மகளுக்கும் மருமகனுக்கும் இடையில் உட்கார்ந்து, பணியாளைவிட இது உங்களுக்குச் சிறந்தது என்று இதைக் கற்றுக் கொடுத்தார்கள். களைத்துப்போன ஒருவருக்கு, படுக்கையில் வைத்து, ஒரு தந்தை சொல்லித் தந்தது. களைப்போடு படுக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லித் தரும்போது அந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

காலையில் சுப்ஹு முடிந்ததும் பள்ளிப் பேருந்துக்கு முன் கால் மணி நேரம் கிடைத்தால், அன்றைக்குக் கடினமான பாடத்தில் ஒரு பக்கம் படியுங்கள். "ரப்பி ஸித்னீ இல்மா" (20:114) சொல்லித் தொடங்குங்கள். கைபேசியை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.

ஆறாம் படி: திரை வழியே வருவதைச் சலித்துப் பாருங்கள்

பள்ளி விட்டதும் அதுவரை தேங்கிய செய்திகள் மொத்தமாக வந்து கொட்டும். பேருந்து நிறுத்தத்திலோ எம்ஆர்டியிலோ அவற்றைத் திறக்கும் முன் நபியவர்களுக்காகப் பத்து ஸலவாத் (வாழ்த்து) சொல்லுங்கள். சின்ன இடைவெளிதான், ஆனால் எதைத் திறப்பது என்று முடிவெடுக்க அது போதும்.

ஒப்பிடுதல் பற்றி முஸ்லிமில் ஒரு நபிமொழி: "உங்களுக்குக் கீழே இருப்பவர்களைப் பாருங்கள், மேலே இருப்பவர்களைப் பார்க்காதீர்கள். அல்லாஹ் உங்களுக்குத் தந்த அருளை அற்பமாக எண்ணாமலிருக்க அதுவே ஏற்றது." இன்ஸ்டகிராமோ நாள் முழுக்க மேலே இருப்பவர்களைத்தான் காட்டுகிறது. யார் கணக்கைப் பார்த்த பிறகு உங்கள் மனம் சுருங்குகிறது என்று கவனித்து, தேர்வு முடியும்வரை அவரை மறைத்து வையுங்கள். நட்பை முறிக்கத் தேவையில்லை.

இன்னொன்றை மனம் நொந்து சொல்கிறேன். மார்க்கக் காணொளிகளும் சில பிள்ளைகளின் பயத்தைக் கூட்டுகின்றன. கப்ரு வேதனை, மறுமை அடையாளம், "இதைச் செய்தால் உன் தொழுகை பாழ்" என்று அரை நிமிடத்தில் மிரட்டும் துண்டுகள் இரவில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். யார் பேசுகிறார், எந்த நூலிலிருந்து என்று தெரியாது. ரஹ்மத்தைப் பற்றிய பேச்சு அதில் அரிது. மார்க்கத்தைத் திரையிலிருந்து எடுப்பதைக் குறைத்து, ஆளிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826-ல் அமைந்த ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், டன்லப் ஸ்திரீட்டில் உள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசல் போன்ற இடங்களில் தமிழில் கேட்கலாம், நேரில் பேசலாம். முயிஸ் ஜும்ஆ குத்பாவைத் தமிழிலும் வெளியிடுகிறது.

எச்சரிக்கை: தொழுகையே பதற்றமாக மாறினால்

பதற்றம் உள்ளவர்களில் சிலருக்கு வழிபாடே புதிய கவலையாகிவிடும். உளூ முறிந்துவிட்டதோ என்று திரும்பத் திரும்பக் கழுவுவது, நிய்யத் (எண்ணம்) சரியாக வைக்கவில்லையோ என்று, தொழுகையைத் தொடங்கும் தக்பீரை மறுபடி மறுபடி கட்டுவது, ரக்அத் எண்ணிக்கையில் எப்போதும் சந்தேகம். இது பேணுதல் அல்ல. சந்தேகத்தை ஒதுக்கி, உறுதியானதன் மேல் தொழுகையைத் தொடரச் சொன்னது நபிவழி. வஸ்வாஸுக்கு மருந்து அதைப் பொருட்படுத்தாமல் விடுவதுதான் என்று நம் அறிஞர்களும் சொல்லியிருக்கிறார்கள். அப்படியும் நிற்கவில்லை, கழுவிக் கழுவித் தோல் வெடிக்கிறது என்றால் அது ஓசிடி என்ற மனநோயாக (ஒரே எண்ணமும் செயலும் கட்டுப்பாடின்றித் திரும்பத் திரும்ப வருவது) இருக்கலாம். மனநலக் கழகம் 2016-ல் நடத்திய ஆய்வில் சிங்கப்பூரில் 28 பேரில் ஒருவருக்கு வாழ்வில் ஏதோ ஒரு கட்டத்தில் அது இருந்திருப்பதாகத் தெரியவந்தது. வெட்கப்பட எதுவும் இல்லை, சிகிச்சை இருக்கிறது.

அதேபோல, தூக்கமின்மையும் சாப்பிடாமையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், பள்ளிக்குப் போகவே உடம்பு மறுத்தால், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்தால், துஆவோடு மருத்துவ உதவியும் வேண்டும். "அல்லாஹ்வின் அடியார்களே, மருந்து செய்துகொள்ளுங்கள்" என்று சொன்னவரும் நம் நபிதான். ஓதிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் "கண்ணேறு, ஜின்" என்று மாதக்கணக்கில் ஓதிப் பார்த்துக்கொண்டு மருத்துவரைத் தள்ளிப்போடுவது பிள்ளைக்குச் செய்யும் தீங்கு.

பள்ளி ஆலோசகரிடம் முதலில் சொல்லலாம். 1771 தேசிய மனநல உதவி எண். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், தற்கொலைத் தடுப்புக்கான எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995. இவற்றை எழுதி முஸ்ஹஃபுக்குப் (குர்ஆன் பிரதிக்கு) பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வு நாள்களில்

புதிய அமல் எதையும் தேர்வு வாரத்தில் தொடங்காதீர்கள், பழகியதையே செய்யுங்கள். இரவெல்லாம் விழித்துத் தஹஜ்ஜுத் என்ற இரவுத் தொழுகை தொழுதுவிட்டுத் தேர்வு மண்டபத்தில் தூங்கி விழுவதை யாரும் கேட்கவில்லை.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் இங்கே லுஹர் ஒரு மணிக்கு முன்பே, ஏறத்தாழ 12.50-க்கே வந்துவிடும். பிற்பகல் தேர்வு உள்ளவர்கள் அதற்கு முன்பே தொழுதுவிட முடியும். தேர்வுக்கு நடுவில் தொழுகை போய்விடுமோ என்ற கவலை தேவையில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு மூஸா (அலை) கேட்ட துஆவைவிடப் பொருத்தமானது வேறில்லை. பேச்சில் சிரமம் இருந்தவர், ஃபிர்அவ்னின் முன் போய்ப் பேச வேண்டியிருந்தபோது கேட்டது: "ரப்பிஷ்ரஹ்லீ ஸத்ரீ, வ யஸ்ஸிர்லீ அம்ரீ, வஹ்லுல் உக்ததம் மில்லிஸானீ, யஃப்கஹூ கவ்லீ" (20:25-28). என் நெஞ்சை விரிவாக்கு, என் வேலையை எளிதாக்கு, நாவின் முடிச்சை அவிழ்த்துவிடு, என் பேச்சை அவர்கள் புரிந்துகொள்ளட்டும். அறைக்கு வெளியே வரிசையில் காத்திருக்கும்போது வாய்க்குள் ஓதிக்கொள்ளுங்கள். தாளில் தெரியாத கேள்வி வந்தால் பேனாவைக் கீழே வைத்து, பழகிய முறையில் நிறுத்தி நிறுத்தி ஃபாத்திஹாவை மனத்துக்குள் ஓதுங்கள். ஒரு நிமிடத்துக்குள் முடியும்.

தேர்வு முடிந்து வெளியே வந்ததும் விடைகளை ஒப்பிடும் குழுவைத் திறக்காதீர்கள். "உனக்குப் பயன் தருவதில் ஆர்வம் கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, இயலாதவனாகிவிடாதே. ஏதேனும் நேர்ந்தால் 'நான் இப்படிச் செய்திருந்தால்' என்று சொல்லாதே" என்ற ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. அடுத்த தாளுக்குப் போகிற பிள்ளைக்கு இதைவிடத் தெளிவான அறிவுரை எனக்குத் தெரியவில்லை.

முடிவுகள் வந்த பிறகு

இந்தப் பகுதி பெற்றோருக்கும் சேர்த்துத்தான். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யில் எண் குறையக் குறைய நல்லது; மிகச் சிறந்த மதிப்பெண் 4. முடிவு வெளியாகும் நவம்பர் நாளில் உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் "உங்க பிள்ளைக்கு எத்தனை?" என்று தொடங்கிவிடுவார்கள். பிள்ளையின் அனுமதி இல்லாமல் எண்ணை எழுதாதீர்கள், நல்ல எண்ணாக இருந்தாலும். அன்று வீட்டுக்கு வந்ததும் குடும்பமாக இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுச் சாப்பிட உட்காருங்கள். இன்னொரு வேண்டுகோள். "தொழுதாயா, படித்தாயா" என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். பிள்ளை இரண்டையும் ஒரே சுமையாகச் சேர்த்துக்கொள்ளும்.

உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ஓ நிலைத் தேர்வின் முடிவு வந்தால் தொடக்கக் கல்லூரியா, பலதுறைத் தொழிற்கல்லூரியா, எந்தப் பாடம் என்று சில நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கூட்டுச் சேர்க்கை விண்ணப்பத்தில் 12 தெரிவுகள் வரை போடலாம். இங்கேதான் இஸ்திகாரா, அதாவது எது நல்லது என்று அல்லாஹ்விடம் வழிகேட்கும் தொழுகை. குர்ஆனின் ஒரு சூராவைக் கற்றுக் கொடுப்பதுபோல் எல்லாக் காரியங்களிலும் இஸ்திகாரா செய்ய நபியவர்கள் எங்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள் என்று ஜாபிர் (ரலி) சொல்கிறார்கள். கடமையல்லாத இரண்டு ரக்அத் தொழுது, அதற்குரிய துஆவை ஓத வேண்டும். மனனம் இல்லையென்றால் பார்த்து ஓதலாம். அதற்கு முன் ஆசிரியரிடமும், அந்தப் பாடத்தைப் படித்த அண்ணன் அக்காக்களிடமும் விசாரித்துவிடுங்கள். விசாரித்து, தொழுது, மனம் சாயும் பக்கம் காரியத்தைத் தொடங்குங்கள். கனவு வர வேண்டும் என்று ஹதீஸில் எங்கும் இல்லை. கனவுக்காகக் காத்திருந்து விண்ணப்ப நாளைத் தவற விட்டுவிடாதீர்கள்.